சின்னவருக்கு ஒரு குவாட்டர்ஸ்

மலைநாட்டுத் தோட்டப் பராமரிப்புச் சபை என்று ஒன்று எண்பதுகளில் இருந்தது. தலைமையகம் கண்டியில், வலயக் காரியாலயம் ஹட்டனில். தோட்டங்களுக்கு உரம், தகரம், சுற்றுநிருபம் ஆகியவற்றை வழங்குவது அதன் கடமை. உரமும் தகரமும் எப்போதாவது வரும். சுற்றுநிருபம் வராத நாள் கிடையாது.

ஹட்டன் காரியாலயத்தில் பூரணி டைப்பிஸ்டாக இருந்தாள். மஸ்கெலியா பாதையில் உள்ள சுடுகந்தை தோட்டத்து மேல்கணக்கு என்ற மேற்பிரிவில், தொழிலாளர் வரிசை அறைகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். அம்மா மீனம்மா கொழுந்து எடுப்பவள். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே முதுகு வளைந்தவர். லயத்திலிருந்து முதன்முதலாகச் செருப்புப் போட்டுக்கொண்டு உத்தியோகத்துக்குப் போன ஆள் பூரணிதான். "எங்க புள்ள ஆபீஸ்ல இருக்குது" என்று சொல்லிக்கொள்வதில் அந்த லயத்துக்கே பெருமை. அந்தப் பெருமைதான் பிறகு அவளைப் பாடாய்ப் படுத்தியது.

எண்பத்தெட்டாம் ஆண்டு வைகாசியில் காற்று மழை பிடித்தது. ஒருநாள் மத்தியானம், எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, லயத்துக் கூரை மொத்தமாகக் கிளம்பிப் போய்த் தேயிலைக்குள் விழுந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தகரம், தூக்கிப் பார்த்தால் கையோடு பொடிப்பொடியாக வந்தது. சட்டி பானை, கோழி, சாமிப் படம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு லயத்து ஆட்கள் பிள்ளைக் காம்பராவில் குடியேறினார்கள். பகலில் கைக்குழந்தைகள் தூங்குகிற இடத்தில் சாயந்தரமானால் பெரியவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்த சேலை என்று ஒன்று யாரிடமும் இல்லை. பூரணி ஈரச் சேலையோடுதான் பஸ் ஏறி வேலைக்குப் போனாள்.

தகரம் இல்லாமலில்லை. காரியாலயத்துக்குப் பின்னால் இருந்த களஞ்சியத்தில் புதுத் தகரம் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. பூரணியின் மேசைக்கு நேர் எதிரே அந்தக் களஞ்சியத்தின் ஜன்னல். தலையை நிமிர்த்தினால் தகரம் பளபளக்கும். ஆனால் சபையின் விதி ஒன்று இருந்தது. உத்தியோகத்தர் விடுதிக்குத் தகரம் கொடுக்கப் பணிப்பாளரின் கையெழுத்துப் போதும். தொழிலாளர் லயத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் கண்டி அனுமதிக்க வேண்டும். தோட்டத்துத் துரை ஹட்டனுக்கு எழுதினார். ஹட்டன் கண்டிக்கு எழுத வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துக் கண்டியிலிருந்து சுற்றுநிருபம் வந்தது. சபை நவீனமயமாகிவிட்டதாம். இனிமேல் காகிதத்தில் வரும் எந்தக் கோரிக்கையும் ஏற்கப்படாது, எல்லாம் மெசின் தபாலில் வர வேண்டும் என்று அது காகிதத்தில் அறிவித்தது.

மெசின் ஏற்கனவே வந்திருந்தது. ஏதோ ஒரு வெளிநாடு இனாமாகக் கொடுத்த கம்பியூட்டர். டெலிபோன் கம்பி வழியாகக் கண்டியில் உள்ள இன்னொரு கம்பியூட்டரோடு பேசும் என்றார்கள். அதைப் பழகுவதற்காகப் பூரணியைக் கொழும்புக்கு அனுப்பி இரண்டு கிழமை வைத்திருந்தார்கள். மெசினை நிறுவ ஓர் இளம் இஞ்சினியர் வந்தார். வேலையெல்லாம் முடிந்தபிறகு அவர், பணிப்பாளரான கஸ்பரைக் கூப்பிட்டுக் கடைசியாக ஒரு விஷயம் கேட்டார்.

மெசினுக்குள் தபால் அனுப்பும் புரோகிராம்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று பெரியது, பழையது, எல்லா வித்தையும் தெரிந்தது, ஆனால் அதன் சட்டதிட்டங்களைப் படித்து முடிக்க ஆயுசு போதாது. மற்றது சின்னது, புதியது, தபாலை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. யார் தபால் எழுதினாலும் மெசின் முதலில் ஒரு சின்னக் குறிப்பைத் திறந்து பார்க்கும். அதில் எதன் பெயர் இருக்கிறதோ அதனிடம் தபாலை ஒப்படைத்துவிடும். ஒரே ஒரு வரிதான். இவ்வளவும் சொல்லிவிட்டு, எந்தப் பெயரை எழுதட்டும் என்று கேட்டார்.

கஸ்பர் கோட்டும் டையும் இல்லாமல் வெளியே வராதவர். இத்தனை வருஷ சேவையில் எதையும் ஒரு வரியில் முடிவு செய்து பழக்கமில்லாதவர். யோசித்துவிட்டு, எது நல்லது என்று கேட்டார். எதுவானாலும் சரி, இரண்டும் போய்ச் சேரும் என்றார் இஞ்சினியர். அந்தக் காரியாலயத்தில் 'எதுவானாலும் சரி' என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கஸ்பர் சந்தேகப்பட்டார். இது நியமன அதிகாரம் சம்பந்தப்பட்டது, தன் அனுமதியில்லாமல் யாரும் பெயர் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் இஞ்சினியர் அந்த வரியைக் காலியாகவே விட்டார். குறிப்பைத் திருத்துவதற்கான ரகசியச் சொல்லை ஓர் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கஸ்பர் உறையில் அரக்கு முத்திரை வைத்து இரும்புப் பெட்டியில் பூட்டினார்.

விஷயம் நிர்வாக உத்தியோகத்தர் சிவசாமியிடம் போனது. சிவசாமியின் கையில் எப்போதும் தாபனக் கோவை என்ற தடித்த புத்தகம் இருக்கும். அரசாங்க உத்தியோகம் பற்றிய எல்லா விதியும் அதில் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கக்கத்தில் அதோடுதான் போவார் என்று சொல்வார்கள். அவர் இரண்டு நாள் கோவையைப் புரட்டிவிட்டு, தபால் அனுப்புவது ஒரு கடமை, கடமை இருந்தால் பதவி இருக்க வேண்டும், பதவி இருந்தால் விண்ணப்பம் கோர வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்.

பூரணி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"சேர், அது ஆள் இல்லைங்க. புரோகிராம்."

"ஆளாக இருந்தால் எனக்கு என்ன கவலை, பிள்ளை?" என்றார் சிவசாமி. "மந்திரியிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வரும், மறுநாள் வேலைக்கு எடுத்துவிடுவோம். இது ஆள் இல்லை. அதனால்தான் சட்டப்படி செய்ய வேண்டியிருக்கிறது."

இரண்டு விண்ணப்பங்களையும் பூரணியே நிரப்பினாள். காரியாலயத்தில் அவற்றைப் பெரியவர், சின்னவர் என்று மரியாதையாகவே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். தகப்பன் பெயர் என்ற இடத்தில் கோடு போட்டாள். பிறந்த இடம் என்ற இடத்தில் அமெரிக்கா என்று எழுதினாள். அங்கேதான் மாட்டிக்கொண்டது. இலங்கைப் பிரஜை அல்லாதவரை எப்படி நியமிப்பது என்று சிவசாமி பேனாவை மூடிவிட்டார்.

பிரஜாவுரிமை என்றால் என்னவென்று பூரணிக்குத் தெரியும். அப்பா அதற்கு எழுதிப் போட்டு, பதில் வருவதற்குள் அவருக்கு முன்பல் எல்லாம் விழுந்துவிட்டது. விண்ணப்பத்துப் படத்தில் இருக்கிறவர் இவர்தானா என்று அதற்கும் ஒரு விசாரணை நடந்தது. ஆகவே இது அடுத்த தலைமுறையில்தான் தீரும் என்று அவள் நினைத்தாள். ஆனால் கஸ்பர் அன்று தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தீர்த்துவிட்டார். பெரியவரும் சின்னவரும் வெளிநாட்டு நிபுணர்கள், நிபுணர்களிடம் பிரஜாவுரிமை கேட்பது நாட்டுக்கு மரியாதையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூரணி அதை மூன்று பிரதி டைப் அடித்துக் கொடுத்தாள். சாயந்தரம் போய் இதை அப்பாவிடம் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

நேர்முகப் பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். கஸ்பர், சிவசாமி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்று மூன்று பேர் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்பதைப் பூரணி டைப் அடிக்க வேண்டும், மெசின் சொல்வதைப் படித்துச் சொல்ல வேண்டும். முதலில் பெரியவர். உமது பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படியொரு கட்டளை தனக்குத் தெரியாது என்று மெசின் இங்கிலிஷில் காட்டியது. ஏன் இந்த உத்தியோகத்துக்கு வர விரும்புகிறீர் என்று கேட்டார்கள். அதுவும் தெரியாது என்றது. தலைமையாசிரியர் தன் பங்குக்கு இலங்கையின் நீளமான ஆறு எது என்று கேட்டார். தெரியாது.

சிவசாமி உருகிப்போனார்.

"தெரியாததைத் தெரியாது என்று உடனே சொல்கிறார் பாருங்கள். இந்தக் காரியாலயத்தில் அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரை நான் கண்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."

பிறகு சின்னவர் முறை. அதே கேள்விகள், அதே பதில்கள். கஸ்பர் புருவத்தைச் சுருக்கினார். இரண்டு பேரும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒரே பதிலைச் சொல்கிறார்களே, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களா என்று விசாரணை வைத்தார்கள். பரீட்சை நடத்தியவளே பூரணி என்பதால் அவளும் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. கேள்விக்குப் பதில் சொன்னது மெசின்தான், இவர்கள் இரண்டு பேரும் இன்னும் எழுந்திருக்கவே இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்தாள். வேலை நேரத்தில் தூங்கியதாகக் கொள்ளலாமா என்று சிவசாமி ஓரத்தில் குறிப்பு எழுதினார்.

விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே செய்தி வெளியே கசிந்துவிட்டது. ஹட்டனில் தொழிற்சங்கங்களுக்குக் குறைவில்லை. அதில் பெரிய சங்கம் ஒன்றின் தலைவர் செல்லசாமி. அதற்குப் போட்டிச் சங்கத்தின் தலைவர் சின்னராசா. ஒருவர் மழை என்றால் மற்றவர் வெயில் என்பார். செல்லசாமி பெரியவரைத் தன் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். சின்னராசா அன்றைக்கே சின்னவரைச் சேர்த்தார்.

செல்லசாமி காரியாலயத்து வாசலில் கூட்டம் போட்டார். "பெரியவர்தான் முதல்ல வந்தவரு. முதல்ல வந்தவர நிறுத்திவச்சிட்டுப் பின்னால வந்தவர ஏத்துறதுக்கு இது என்ன மஸ்கெலியா பஸ்ஸா?" என்று கேட்டார். கூட்டத்துக்கு அது நன்றாக விளங்கியது. மறுநாள் அதே இடத்தில் சின்னராசா பேசினார். "பெரியவருக்கு எல்லாம் தெரியும்ங்கிறாங்க. எல்லாம் தெரிஞ்சவன் எங்களுக்கு எதுக்கு? நான் இத்தனை வருஷமா தலைவரா இருக்கேன், எனக்கு என்ன தெரியும்?" என்றார். அதற்கும் கைதட்டல் விழுந்தது.

பிறகு செல்லசாமி திங்கட்கிழமை வேலைநிறுத்தம் என்று அறிவித்தார். சின்னராசா செவ்வாய்க்கிழமை என்றார். சுடுகந்தை ஆட்களுக்கு இரண்டு நாளும் பேர் விழவில்லை, இரண்டு நாள் சம்பளம் போனது. மீனம்மா மகளிடம், யாரு அந்தப் பெரியவரு, எந்தத் தோட்டம், கட்டிக்கிட்டவங்க இருக்காங்களா என்று விசாரித்தாள். மெசினுக்குள் இருக்கும் ஒரு புரோகிராம் என்று பூரணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மீனம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உள்ளேயே அடைச்சு வச்சிருக்காங்களா, பாவம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை, மலைக்குப் போகாததால், லயத்துப் பெண்கள் காரியாலயத்துக்கே கிளம்பி வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் அம்மாக்கண்ணு. பூரணி வீட்டுக்கு அடுத்த காம்பரா. கங்காணிமாரே அவளிடம் வாய் கொடுக்க யோசிப்பார்கள். தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் வாசலில் நின்றார்கள். உள்ளேயிருந்து அவர்களைப் பார்த்ததும் பூரணிக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே தப்பாகத் தோன்றியது. எழுந்து போய் அவர்கள் பக்கத்தில் நின்றாள்.

தகரம் கேட்டு வந்திருக்கிறோம் என்று அம்மாக்கண்ணு சொன்னாள். கஸ்பர் வராந்தாவுக்கு வந்து, டையைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தார்.

"நீங்கள் எவ்வளவு அதிர்ஷ்டசாலிகள் என்று உங்களுக்கே தெரியாது. முன்பெல்லாம் உங்கள் கோரிக்கை கண்டிக்குப் போய்ச்சேர ஒரு கிழமை எடுக்கும். இப்போது ஒரு நொடி. ஒரே ஒரு நொடி. அந்த நொடியை எப்போது ஆரம்பிப்பது என்பதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்."

அம்மாக்கண்ணு கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, களஞ்சியத்துப் பக்கம் கையைக் காட்டி, அந்தா இருக்குதே, அது என்னங்க ஐயா என்று கேட்டாள். அது கையிருப்பு என்றார் கஸ்பர். கையிருப்பைக் கொடுத்துவிட்டால் கையிருப்பு இருக்காதே என்று விளக்கியும் சொன்னார். பெண்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். திரும்பிப் போகும்போது அம்மாக்கண்ணு பூரணியின் தோளைத் தொட்டு, "நீ இங்க இருந்துமா புள்ள இப்படி?" என்று மட்டும் கேட்டாள். அவள் கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பூரணி தாங்கிக்கொண்டிருப்பாள்.

கடைசியில் கஸ்பர் இரண்டு சங்கத்துக்கும் பொதுவாக ஒரு முடிவு எடுத்தார். இரண்டு பேரும் நியமனம். பெரியவர் நிரந்தரமாக, தபால் அனுப்பும் உத்தியோகத்தர். சின்னவர் உதவி உத்தியோகத்தர், பெரியவர் லீவு எடுத்தால் பதில் கடமை பார்க்க வேண்டும். இரும்புப் பெட்டியைத் திறந்து, உறையின் அரக்கை உடைத்து, சாட்சிகள் முன்னிலையில் பெரியவரின் பெயரைக் குறிப்பில் எழுதினார்கள். எழுதியது பூரணியின் விரல். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

நியமனம் என்றால் விடுதி, அதாவது குவாட்டர்ஸ், உண்டு. சிவசாமி கோவையில் இருந்து அதைக் காட்டினார். பெரியவர் கம்பியூட்டர் அறையிலேயே தங்கிக்கொள்வார் என்பதால் அந்த அறையை உத்தியோகத்தர் விடுதியாக அறிவித்தார்கள். அறையின் மூலையில் லேசாக ஒழுகியது. கஸ்பர் ஒரு கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானமே களஞ்சியத்துக் கதவு திறந்தது. ஆட்கள் புதுத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு பூரணியின் ஜன்னலைக் கடந்து போனார்கள். ஆணி அடிக்கிற சத்தம் மூன்று மணி வரைக்கும் கேட்டது. அவள் அன்று அடித்த கடிதம் எல்லாவற்றிலும் பிழை வந்தது.

திறப்பு விழாவை விமரிசையாகச் செய்தார்கள். கோயில் ஐயர் வந்து மெசினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். பாதிரியார் வந்து ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளிக்கப் போக, இஞ்சினியர் தண்ணீர் படக்கூடாது என்றாரே என்று பூரணி குறுக்கே நின்றாள். அவர் பெருந்தன்மையோடு அவள்மேல் தெளித்தார். ஆள் நிறைய வேண்டுமென்று தோட்டங்களிலிருந்து லொறியில் கூட்டி வந்திருந்தார்கள். சுடுகந்தைப் பெண்களும் வந்திருந்தார்கள். இன்றைக்காவது தகரச் செய்தி போகும் என்று அம்மாக்கண்ணு வந்திருந்தாள்.

முதல் தபாலைக் கஸ்பர் சொல்லச் சொல்லப் பூரணி அடித்தாள். சபையின் வரலாறு, மலைநாட்டின் இயற்கை வளம், தான் இந்தப் பதவிக்கு வந்த விதம் எல்லாம் வந்து, கடைசியில் 'வேறு விடயங்கள்' என்ற தலைப்பின் கீழே சுடுகந்தை மேல்கணக்கு லயத்துக்குத் தகரம் என்று ஒரு வரி வந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். மெசின் முனகியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிட்டது.

கூட்டம் முழுக்கக் கைதட்டல். கஸ்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசியுங்கள் என்றார். பூரணி வாசிக்காமல் நின்றாள். வாசியுங்கள் மிஸ், கண்டி என்ன சொல்கிறது என்று மறுபடியும் சொன்னார்.

"அப்படி ஒருத்தர் இங்க இல்லைன்னு சொல்லுதுங்க, சேர்."

அது உண்மைதான். கண்டித் தலைமையகத்தில் தபாலைப் பெற்றுக்கொள்ளும் பெயரை இன்னும் பதியவில்லை. அங்கே தபால் வாங்கும் உத்தியோகத்தர் பதவிக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள், பிரஜாவுரிமையில் நிற்கிறது என்று பிறகு டெலிபோனில் தெரிந்தது. கஸ்பர் மட்டும் அசரவில்லை. "பார்த்தீர்களா, இல்லை என்று சொல்வதற்குக் கண்டி முன்பெல்லாம் ஆறு மாதம் எடுக்கும். இன்று உடனே சொல்லிவிட்டது" என்று கூட்டத்துக்கு விளக்கினார். மறுபடியும் கைதட்டினார்கள். சுடுகந்தைப் பெண்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு லொறிக்குப் போனார்கள்.

அன்று சாயந்தரம் பஸ்ஸில் பூரணிக்கு இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவள் அழப் பார்த்தாள், அழுகை வரவில்லை. பதிலுக்கு, கம்பியூட்டர் அறையின் புதுக் கூரைதான் ஞாபகத்துக்கு வந்தது. உடம்பே இல்லாத பெரியவருக்கு ஒரு மத்தியானத்தில் கூரை போட்டுக் கொடுத்தார்கள். அவருக்கு உத்தியோகம் இருந்தது, அவ்வளவுதான். அப்படியென்றால் சின்னவருக்கும்தானே உத்தியோகம் இருக்கிறது என்று தோன்றியபோது பஸ் நோர்வூட்டைத் தாண்டியிருந்தது. அவள் தனியாகச் சிரித்ததைப் பார்த்துக் கண்டக்டர் மிச்சக் காசை அவசரமாகக் கொடுத்துவிட்டு நகர்ந்தான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சின்னராசாவின் சங்கக் காரியாலயத்துக்குப் போனாள். அவர் மேசையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நியமனத்தில் தன் ஆள் உதவியாகப் போனதில் அவருக்கு மனசு கசந்திருந்தது. பூரணி நின்றுகொண்டே பேசினாள்.

"தலைவரே, பெரியவருக்குக் குவாட்டர்ஸ் குடுத்துட்டாங்க. புதுத் தகரமே போட்டாச்சு. சின்னவருக்கு ஒண்ணும் இல்லைங்க. செல்லசாமி ஆளுங்க டவுன்ல சிரிக்கிறாங்க."

சின்னராசா காலை இறக்கினார்.

"டவுன்ல எடமில்லைன்னுதான் சொல்லுவாங்க," என்றாள் பூரணி. "சுடுகந்தை மேக்கணக்குல ஒரு லயம் காலியாக் கெடக்குதுங்க. கூரை ஒண்ணுதான் இல்ல."

"லயமா? ஒரு உத்தியோகத்தருக்கு ஒரு காம்பரா எப்படிப் பத்தும்?" என்று கேட்டார் சின்னராசா.

"முழு லயத்தையும் கேளுங்க, தலைவரே."

அன்று பின்னேரமே சின்னராசா காரியாலயத்து வாசலில் பாய் விரித்துச் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சின்னவர் மழையில் நனைகிறார் என்று ஒரு தட்டி எழுதி வைத்தார்கள். சின்னவர் பெரியவருக்கு இளைத்தவரா என்று கேட்டு ஆட்கள் கோஷம் போட்டார்கள். சின்னராசா சாப்பாட்டுப் பிரியர் என்பதால் இரண்டு தரப்புக்குமே அவசரம் இருந்தது. சிவசாமி கோவையைப் புரட்டி, உதவி உத்தியோகத்தருக்கும் விடுதி உரித்தானது, வேலை குறைவாக உள்ளவரைத் தோட்டத்துக்கு இடமாற்றலாம், இடமாற்றத்துக்கு முன் விடுதி குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று மூன்று விதிகளைக் கண்டுபிடித்தார். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தைப் பூரணி அதுவரை பார்த்ததில்லை. கஸ்பர் ஒரு கையெழுத்துப் போட்டார். சின்னராசா சூப்பு வாங்கிக் குடித்தார்.

தகரம் லொறியில் ஏறி சுடுகந்தைக்குப் போனது. தச்சர்கள் மேலே ஏறினார்கள். கீழேயிருந்து தகரம் எடுத்துக் கொடுத்தவர்கள் லயத்து ஆண்கள். சின்னவர் யாரென்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே திருப்பிக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம். வேலை முடிந்ததும் வாசலில் 'உத்தியோகத்தர் விடுதி, அனுமதியின்றி உட்செல்லக்கூடாது' என்று பலகை அடித்துவிட்டுத் தச்சர்கள் போனார்கள். அம்மாக்கண்ணு பலகைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதன் கீழே கோழிக்கூட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று மழை அடித்தது. மீனம்மா அடுப்பை மூட்டி ரொட்டி சுட்டாள். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. பூரணியின் அப்பா மேலே பார்த்தபடி பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டே இருந்தார்.

தைப்பொங்கல் முடிந்து சிவசாமி விடுதிப் பரிசோதனைக்கு ஜீப்பில் வந்தார். குறிப்பெடுக்கப் பூரணியையும் கூட்டி வந்திருந்தார். காம்பராவுக்குக் காம்பரா புகை வந்தது, பிள்ளைகள் விளையாடினார்கள். பலகையில் யாருடைய கம்பளியோ காய்ந்துகொண்டிருந்தது. சிவசாமி அதையெல்லாம் பார்த்ததாகத் தெரியவில்லை. காரியாலயக் கோப்பில் சின்னவர் இங்கே இருக்கிறார் என்றிருந்தது, ஆகவே அவர் இருந்தார். அம்மாக்கண்ணு முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

உத்தியோகத்தர் ஒழுங்காக இருக்கிறாரா என்று சிவசாமி கேட்டார்.

"தங்கமான மனுசருங்க ஐயா," என்றாள் அம்மாக்கண்ணு. "குடிக்கமாட்டாரு, சத்தம் போடமாட்டாரு. இப்படி ஒரு ஆம்பளைய இந்தத் தோட்டத்துல நாங்க பார்த்ததில்லைங்க."

விடுதியில் ஏதும் குறை சொன்னாரா என்று கேட்டார் சிவசாமி. அம்மாக்கண்ணு பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த அடுத்த லயத்தைப் பார்த்தாள். அங்கே கூரை முழுக்க ஓட்டை. காற்றுக்குப் பயந்து கல்லை ஏற்றி வைத்திருந்தார்கள். பூரணி அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்து பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

"குறை ஒண்ணும் இல்லைங்க ஐயா. தனி ஆளா இருக்காரு, அதான் எங்களுக்கு மனசு கேக்கல. ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சிட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

சிவசாமி கோவையைத் திறந்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் பக்கமாகப் போனார். திருமணமான உத்தியோகத்தருக்கு இரட்டை விடுதி என்ற இடத்தில் விரல் நின்றது. எழுதிக்கொள், பிள்ளை என்று பூரணியிடம் சொன்னார். பிறகு அம்மாக்கண்ணுவைப் பார்த்து, பெண் ஏதும் பார்த்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"அடுத்த லயத்துலயே இருக்குதுங்க, ஐயா," என்றாள் அம்மாக்கண்ணு.